பூப்போட வந்த ஹெலி

கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டுமா, விமானி சொல்வதைக் கோபுரம் திருப்பிச் சொல்ல வேண்டுமா என்று சுஜிதனும் நானும் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறோம். ஒட்டுசுட்டான் சந்தியில் இதற்கெல்லாம் சண்டை பிடிக்கிறவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். நான் கௌசலா, போட்டோப்பிரதி எடுத்துக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். சுஜிதன் பக்கத்துக் கடையில் போன் திருத்துகிறவன். மூன்றாவது ஆள் ஜனகன், உழவு இயந்திரம் ஓட்டுகிறவன்.

சுஜிதன் என் கடைக் கூரையில் ஒரு அன்ரனா கட்டியிருக்கிறான். வானத்தில் போகிற விமானமெல்லாம் தன் பெயரையும் உயரத்தையும் வேகத்தையும் தானாகவே சொல்லிக்கொண்டுதான் போகும். அதைப் பிடித்து என் கணினியில் படமாகக் காட்ட வைத்துவிட்டான். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற சின்ன விமானம், எங்கள் தலைக்கு மேலே மிக உயரத்தில் சிங்கப்பூர் பக்கம் போகிற பெரிய விமானம் எல்லாம் அதில் தெரியும். பிரதி எடுக்க வருகிற சனம் திரையைப் பார்த்துவிட்டு, “இதாலை உங்களுக்கு என்ன வருமானம்?” என்று கேட்கும். வருமானமா? மின்சாரக் கட்டணம்தான் வருகிறது.

அன்றைய சண்டையைத் தீர்த்து வைத்தவன் ஜனகன். உழும்போதும் காதில் ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தின் ரேடியோக் கதையைப் போட்டுக் கேட்டுக்கொண்டு உழுகிறவன் அவன்.

“கோபுரம் சொல்லும், விமானி திருப்பிச் சொல்லுவார். பிழையாச் சொன்னா கோபுரம் உடனை திருத்தும். விளங்கிச்சோ இல்லையோ எண்டு முகத்தைப் பாக்க ஏலாதுதானே அக்கா? அதுக்குத்தான்.”

அதன் பிறகு கடையில் அதுவே எங்கள் விளையாட்டாகிவிட்டது. “ஜனகன், பிளேன்ரீ ரெண்டு, சீனி குறைய” என்பேன். “பிளேன்ரீ ரெண்டு, சீனி குறைய, ஜனகன்” என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவான். வீட்டில் இவரோடும் இதைச் செய்து பார்த்தேன். “உனக்கென்ன விசரோ?” என்று பதில் வந்தது.

எங்கள் மூன்று பேரில் ஒருவர்கூட விமானத்தில் ஏறியதில்லை. சின்ன வயதில் எனக்குத் தெரிந்த விமானமெல்லாம் குண்டு போட வந்தவைதான். சத்தத்தை வைத்தே இது இன்னது என்று சொல்லிவிடுவேன். பங்கருக்குள் இருக்கச் சொன்னால் நான் தலையை வெளியே நீட்டுவேன், அம்மா பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்து முதுகில் இரண்டு போடுவார். அது எப்படி விழாமல் மேலே நிற்கிறது என்று பார்க்கத்தான் நான் தலையை நீட்டினேன். அடி வாங்கியும் அந்த ஆசை போகவேயில்லை.

சத்தம் கேட்டு ஓடி ஒளிந்த அதே சனம் இப்போது காசு கொடுத்து ஹெலி கூப்பிடுகிறது. கும்பாபிஷேகத்துக்கு ஹெலியில் பூத் தூவுகிற பழக்கம் யாழ்ப்பாணப் பக்கமிருந்து எங்களுக்கும் வந்துவிட்டது. எங்கள் வாய்க்கால் பிள்ளையாருக்குப் புதுக் கோபுரம் கட்டி முடிந்ததும், லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற ஊராக்கள் ஹெலி வந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். கொழும்பில் ஒரு சின்ன ஹெலி பேசியாயிற்று. பரிபாலன சபைத் தலைவர் செல்வநாயகம் ஐயா என் கடைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“பிள்ளை, உந்த விசயமெல்லாம் தெரிஞ்ச ஆக்கள் நீங்கள்தானே. ஹெலி இறங்க இடம் பாக்கோணும், சனத்தைத் தள்ளி நிப்பாட்டோணும். செய்து தருவியளோ?”

“செய்யலாம் ஐயா. மேலை போய்ப் பூப் போடுறது ஆர்?”

“நான்தான் போகோணும். ஆனா எனக்குப் பிரசர் இருக்கு.”

பிரசரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனுசனுக்குப் பயம். கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்கிற ஆள். விமானியிடம் போனில் கேட்டோம். இந்த வெயிலுக்கு, பூச்சாக்கோடும் திரும்பிப் போக எண்ணெயோடும், தன்னைத் தவிர ஒரே ஒருவரைத்தான் ஏற்றலாம் என்றார். எங்களில் ஒருவர் ஏறுகிறோம், செய்கிற வேலைக்குக் கூலியாக வேறொன்றும் வேண்டாம் என்று ஐயாவிடம் சொன்னேன். ஐயாவும் ஓம் என்றுவிட்டுப் போய்விட்டார்.

பிஸ்கட் ரின்னில் மூன்று பெயரையும் போட்டுக் குலுக்கினோம். ஜனகனுடைய பெயர் வந்தது. சீட்டை விரித்துப் பார்த்தான், மறுபடி மடித்து மறுபடி விரித்தான்.

“நான்தானோ?”

“வேறை ஆர் இஞ்சை ஜனகன்?” என்றான் சுஜிதன். அவனுக்கும் ஏமாற்றம்தான், எனக்கும்தான். ஆனாலும் ஜனகனுடைய முகத்தைப் பார்த்தபோது இருவரும் சிரித்துவிட்டோம். அன்றிலிருந்து அவன் வாயில் வேறு கதையே இல்லை. கதவைக் கழற்றிவிட்டால் காற்று உள்ளே எப்படி அடிக்கும், காலை எங்கே வைப்பது, ஒரே இடத்தில் நிற்கும்போது விமானி கையால் என்ன செய்வார், காலால் என்ன செய்வார் என்று கேட்டு எங்கள் உயிரை எடுத்தான்.

ஜனகனின் வீடு வாய்க்காலுக்கு அக்கரையில். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறின குடும்பங்கள் அந்தப் பக்கம். அவர்களுக்கென்று தகரக் கூரை போட்ட ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஜனகனின் அம்மா அழகம்மாக்காவின் வளவு முழுக்கச் செவ்வந்தி. மகன் கையால் போடுகிற பூ என்றதும், அவ்வளவையும் தருகிறேன் என்று அவர் தானாகவே சொல்லிவிட்டார்.

கும்பாபிஷேகத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது செல்வநாயகம் ஐயா திரும்பவும் கடைக்கு வந்தார்.

“ஏறப்போறது ஜனகன் எண்டு கேள்விப்பட்டன். அது சரிவராது பிள்ளை.”

“ஏன் சரிவராது?”

“அவன் அக்கரைப் பெடியன். எங்கட கோயில் பூ எங்கட ஆக்கள்தான் போடோணும். இல்லாட்டிச் சபையிலை கதை வரும்.”

“பூ மட்டும் அக்கரையிலை இருந்து வரலாமோ?”

என் வாய்க்குப் பூட்டு இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவர் எழும்பி சால்வையை உதறித் தோளில் போட்டார்.

“நீ ஏறுறதெண்டால் ஏறு. இல்லாட்டி லண்டனிலை இருந்து வந்து நிக்கிற என்ர மருமகன் ஏறுவான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பிஸ்கட் ரின்னை எடுத்து எறிந்திருப்பேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கோபத்துக்குள்ளே, நான் ஏறப்போகிறேன் என்ற சந்தோசமும் ஒரு மூலையில் இருந்தது. அதை நினைக்க என் மேலேயே எரிச்சல் வந்தது. பின்னேரம் ஜனகன் வந்ததும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவன் திரையைப் பார்த்தபடி, விளையாட்டில் சொல்கிற அதே குரலில், “ஏறுறது கௌசலா அக்கா. ஜனகன் கீழை” என்று திருப்பிச் சொன்னான். நான் திருத்த ஒன்றும் இருக்கவில்லை. “கீழை நிண்டு ரேடியோ நான் பிடிக்கிறன். அம்மாட்டை நானே சொல்லுறன்” என்றுவிட்டுப் போனவன், அந்தக் கிழமை முழுக்கக் கடைப்பக்கம் வரவேயில்லை.

கும்பாபிஷேகத்தன்று விடிய, பூ வராது என்றுதான் நினைத்தேன். சுஜிதன் ஓட்டோவில் போய்ப் பார்த்தால், நனைத்த சாக்கில் பூவைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு நின்றாராம் அழகம்மாக்கா. “புள்ளையார் மேல எனக்கு என்னா கோவம்? எடுத்துட்டுப் போங்க தம்பி” என்றாராம். ஒரு கூடையை மட்டும் தங்கள் அம்மனுக்கென்று எடுத்து வைத்திருந்தாராம்.

ஹெலி பாடசாலை மைதானத்தில் இறங்கியது. நாங்கள் கயிறு கட்டி, தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கி வைத்திருந்தோம். விமானி ஒரு சிங்கள ஆள், கொஞ்சம் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமுமாகக் கதைத்தார். எங்களுக்கு ஒரு கைரேடியோவும் தந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்கள் பூவைக் கொண்டுவந்து வைக்கும்வரை. அவ்வளவும் மாலை! பிள்ளையாருக்கு உதிரிப்பூவைக் கொட்டுவது மரியாதை இல்லையென்று, இரவிரவாக இருந்து நூலில் கட்டியிருக்கிறார்கள். விமானி தலையைப் பிடித்துக்கொண்டார். ஒரு முழ நூல் வால் விசிறியில் சுற்றினால் போதும், பூவோடு சேர்த்து நாங்களும் விழுவோம் என்றார். கட்டின கையாலேயே எல்லோரும் இருந்து அவிழ்க்கத் தொடங்கினார்கள். அவிழ்த்ததில் பாதி கசங்கிப் போனது. கடைசியில் ஹெலியில் ஏறியது முக்கால்வாசி அழகம்மாக்காவின் செவ்வந்திதான்.

சோழகம் நாலைந்து நாளாக இழுத்து அடித்துக்கொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. பிள்ளையாரிலிருந்து அது போகிற பக்கம், வாய்க்காலுக்கு அங்காலே, மாரியம்மன் கோயில். ஏறுவதற்கு முன் ஐயாவிடம் அதைச் சொன்னேன்.

“ஐயா, கோபுரத்துக்கு நேரே மேலை நிண்டு போட்டால் பூ கோபுரத்திலை விழாது. காத்து வாற பக்கம் கொஞ்சம் தள்ளி நிண்டுதான் போடோணும்.”

“நேரே மேலை நிண்டுதான் போடோணும். கனடாவிலை இருந்து நேரலையிலை பாத்துக்கொண்டிருக்கினம். கோபுரமும் ஹெலியும் ஒண்டாத் தெரியோணும்.”

“பூ பறந்திடும் ஐயா.”

“பிள்ளையாருக்குத் தெரியாத காத்தோ? எங்கை விழவேணுமெண்டு அவர் பாத்துக்கொள்ளுவார். நீ சொன்னதைச் செய்.”

சரி, சொன்னதைச் செய்கிறேன் என்று ஏறினேன். ஜனகன் கயிற்றுக்கு அங்காலே ரேடியோவோடு நின்றான். நான் கையைக் காட்டினேன். அவன் ஹெலியின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

ஹெலி எழும்பிய விதத்தை நான் எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன். ஒன்றும் உதவவில்லை. மேலே போகிற மாதிரியே இல்லை, நிலம் எங்களை விட்டுக் கீழே போகிற மாதிரித்தான் இருந்தது. விமானியின் கால்கள் ஒரு கணம்கூடச் சும்மா இருக்கவில்லை. தையல் மெசின் மிதிக்கிறது மாதிரி மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே இருந்தார். குளக்கட்டு நேராக ஓடுகிறது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன், அது நன்றாக வளைந்து போகிறது. வயல் பச்சையில் அத்தனை விதப் பச்சை. கதவில்லாத பக்கத்தால் காற்று கன்னத்தில் அறைந்தது. ஐயோ, இதைப் பார்க்க எனக்கு இவ்வளவு வயது செல்ல வேண்டியிருந்ததே என்று வாய்விட்டே சொன்னேன். சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கோபுரத்துக்கு மேலே வந்ததும் காதில் ஜனகனின் குரல் வந்தது.

“அக்கா, ஹெலிக் காத்துக்குப் பந்தல் ஓலைக் கிடுகு கிளம்புது. மேலை போங்கோ.”

“பந்தல் கிளம்புது, மேலை போறம்” என்று திருப்பிச் சொன்னேன். விமானி இன்னும் உயர்த்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, காற்று பூவைக் கொண்டுபோய்விடும், அது வருகிற குளப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி நிற்கவா என்று கேட்டார்.

கீழே பார்த்தேன். கோபுரத்தடியில் ஐயா வெள்ளைப் புள்ளியாக அண்ணாந்து நின்றார். வாய்க்காலுக்கு அங்காலே தகரக் கூரை வெயிலில் மின்னியது. எனக்குள் இருந்த கோபம் முழுக்க அப்போதுதான் எழும்பியது.

“வேண்டாம். தலைவர் நேரே மேலை நிக்கச் சொன்னவர்.”

சாக்கைச் சரித்தேன். பூ ஒரு கணம் எங்களோடேயே நின்றது, பிறகு கூட்டமாகச் சரிந்து போகத் தொடங்கியது. கோபுரத்தில் ஒன்றும் விழவில்லை. மஞ்சளும் செம்மஞ்சளுமாக வாய்க்காலைத் தாண்டிப் போய், தகரக் கூரையிலும் முற்றத்திலும் வேப்பமரத்திலும் இறங்கியது. அங்கே நின்ற சனம் கையை மேலே தூக்கிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. நான் மற்றச் சாக்கையும் சரித்தேன். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

இறங்கியதும் நேரே ஜனகனிடம்தான் ஓடினேன். அவன் என்னைக் கட்டிப்பிடிக்காவிட்டாலும் சிரிக்கவாவது செய்வான் என்று நினைத்தேன்.

“பாத்தியோ? அம்மான்ர பூ முழுக்க அம்மனுக்குத்தான் போனது.”

“பாத்தன்.” அவன் ரேடியோவை என்னிடம் நீட்டினான். “அம்மாவுக்குச் சந்தோசமாத்தான் இருக்கும். ஆனா நான் கீழைதானே அக்கா நிண்டனான்.”

என் சிரிப்பு அப்படியே போய்விட்டது. அவனுக்குப் பூவா வேண்டியிருந்தது? அவனுக்கு வேண்டியிருந்தது நான் இருந்துவிட்டு வந்த அந்த இடம். மேலே கால் எங்கே வைப்பது என்று ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அதற்குள் செல்வநாயகம் ஐயா சால்வையும் கையுமாக ஓடி வந்தார். நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போனுக்கு மேல் போன் எடுக்கிறார்களாம், பூ எங்கே பூ எங்கே என்று.

“இன்னொருக்கால் போடுங்கோ! கொஞ்சப் பூவெண்டாலும் போடுங்கோ!”

விமானியைப் பார்த்தேன். எண்ணெய் முள்ளைப் பார்த்துவிட்டு, ஒரு சின்னச் சுற்றுக்குப் போதும் என்றார்.

“பூ இல்லையே ஐயா” என்றேன். “ஒரே ஒரு கூடைதான் இருக்கு. அழகம்மாக்கா வீட்டிலை. போய்க் கேட்டுப் பாருங்கோ.”

“நீ போய் வாங்கிக்கொண்டு வா.”

“என்ர வேலை ஹெலியோடை. தலைவர் நீங்கள்தானே?”

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி அவர் அக்கரைக்குப் போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் போனார். சுஜிதனும் நானும் பின்னாலேயே போனோம், ஜனகன் வரவில்லை. அம்மன் கோயில் முற்றத்தில் பூவைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்த அழகம்மாக்கா நிமிர்ந்து பார்த்தார். ஐயா விசயத்தைச் சொன்னார். கெஞ்சவில்லை, ஆனால் வழக்கமான குரலும் வரவில்லை.

“தர்றேங்க ஐயா. சாமிக்குத்தானே?” அழகம்மாக்கா உள்ளே போய்க் கூடையை எடுத்து வந்தார், ஆனால் கொடுக்கவில்லை. “ஆனா பூவு தனியா வராதுங்க. எம் மவன் கையாலதான் போவும்.”

ஐயா என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அவருடைய சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

“சரி” என்றார். “ஏறட்டும்.”

கூடையைக் கொண்டுவந்து கையில் கொடுத்ததும் ஜனகன் செருப்பைக் கழற்றிவிட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி இருந்தான். ஹெலி எழும்பியது. இப்போது ரேடியோ என் கையில். செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும்தானே.

“ஜனகன், காத்து தென்மேற்கு, வேகம் பத்து நொட்.”

“காத்து தென்மேற்கு, வேகம் பத்து நொட், ஜனகன்.”

அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுடைய இடத்தில் நானாக இருந்தால், அந்தக் கூடையையும் அம்மனுக்கே கொட்டியிருப்பேன். ஹெலி கோபுரத்துக்கு மேலே போனது, நிற்கவில்லை. தாண்டிக் குளக்கட்டுப் பக்கமாகப் போய், காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது. “அங்கையில்லை! நேரே மேலை!” என்று ஐயா கத்தினார். ஜனகன் கூடையைச் சரித்தது தெரிந்தது. பூ காற்றில் ஏறி, எங்கள் பக்கமாக மெல்ல மெல்ல வந்து, பிள்ளையாரின் கோபுரத்தில், கலசத்தில், குருக்களின் தலையில், ஐயாவின் சால்வையில் சொரிந்தது. சனம் அரோகரா என்று கத்தியது. ஐயா கத்துவதை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

“ஜனகன், பூ சரியா விழுந்திட்டுது” என்றேன் ரேடியோவில்.

பதில் இல்லை. ஹெலி குளத்துக்கு மேலாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

“ஜனகன், கேக்குதோ? பூ விழுந்திட்டுது. இனி இறங்கலாம். ஜனகன்?”

அப்போதும் பதில் இல்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. தலை சுற்றுகிறதோ, கதவு இல்லாத பக்கம் இருக்கிறானே என்று சுஜிதனுடைய கையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

“ஜனகன்! சொன்னதைத் திருப்பிச் சொல்லு!”

கரகரவென்று சத்தம் வந்தது. பிறகு அவனுடைய குரல்.

“கேக்குது அக்கா. கொஞ்சம் பேசாமல் இருங்கோ. பாத்துக்கொண்டிருக்கிறன்.”